அந்தப் பக்கம் யாரு இருக்கா

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் லாட்ஜின் மாடிக் கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை, பல் மருத்துவர்கள் கூடியிருந்தார்கள். அவர்கள் சங்கத்தின் கிளைக் கூட்டம் என்றால் வழக்கமாக ஐந்தாறு பேர் வருவதே பெரிது. அன்று நாற்காலி போதாமல் கீழேயிருந்து எடுத்து வரச் சொன்னார்கள். மதியத்துக்கு மட்டன் பிரியாணி என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தது ஒரு காரணம். இன்னொரு காரணம் டாக்டர் கோகிலா.

கோகிலாவுக்குச் சங்கரன்கோவிலில் ஒரு கிளினிக், ராயகிரியில் ஒரு கிளினிக். ராயகிரியில் இருப்பது ஒரே அறை, ஒரே நாற்காலி. வாரத்தில் பாதி நாள் காரில் அங்கே போய் வந்துகொண்டிருந்தார். பங்குனி மாதம் முதுகெலும்புத் தட்டு விலகி, இடது கால் மரத்துப் போனது. குனிந்தே வேலை செய்கிறவர்களுக்கு வருகிற நோய்தான். திருநெல்வேலி டாக்டர், உள்ளூரில் நோயாளி பார்க்கலாம், அந்த ரோட்டில் காரில் குலுங்கிக்கொண்டு போகவே கூடாது என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ராயகிரி கிளினிக் பூட்டிக் கிடந்தது.

அங்கே வேலை பார்த்தவர் இசக்கிசெல்வி. ராயகிரியிலேயே கட்டிக்கொடுக்கப்பட்டவர். பல் சுத்தம் செய்வதற்கான இரண்டு வருட டிப்ளமோ படித்து, முறைப்படி பதிவும் செய்தவர். ஆனாலும் ஒரு பல் மருத்துவர் அதே இடத்தில் இல்லாமல் யார் வாயிலும் அவர் கருவி வைக்கக் கூடாது. விதி அப்படி. அந்த விதியைத் திருத்துவதற்கு இப்போது ஒரு வரைவு வந்திருந்தது. மருத்துவர் வேறு ஊரிலிருந்து வீடியோவில் மேற்பார்வை பார்த்தால் போதும், சுத்தம் செய்வது போன்ற சில வேலைகளை உதவியாளர் செய்யலாம் என்றது அது. விதியை மாற்றும் முன்னால் சில கிளினிக்குகளில் மட்டும் சோதித்துப் பார்ப்பார்கள். எந்தக் கிளினிக் என்பதை அந்தந்த ஊர்க் கிளை பரிந்துரைக்க வேண்டும்.

சங்கரன்கோவில் கிளை ராயகிரியைப் பரிந்துரைத்தால் அந்தக் கதவு திறக்கும். இல்லையென்றால் நாற்காலியை விற்றுவிட்டு இடத்தைக் காலி செய்வது என்று கோகிலா முடிவு செய்திருந்தார். இசக்கிசெல்விக்கும் அது தெரியும்.

கிளைத் தலைவர் சங்கரசுப்பு வரைவுக்கு எதிரானவர். அவர் தொழிலுக்கு வந்த காலத்தில், படிக்காமலே கடை போட்டுப் பல் கட்டிவிடுகிறவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். அங்கே போய்விட்டுத் தாடை வீங்கி, வாய் திறக்க முடியாமல் தன்னிடம் வந்தவர்களை அவர் வரிசையாகப் பார்த்திருக்கிறார். மருத்துவர் இல்லாத நாற்காலி என்றாலே அவருக்கு அந்த முகங்கள்தான் ஞாபகத்துக்கு வரும்.

“ஏம்மா கோகிலா,” என்றார் அவர், “அங்கன ஒருத்தி வலிக்குன்னு சொன்னா, இங்கன இருந்து நீ டிவிக்குள்ள கையை நீட்டுவியா?”

“செல்வி கையை நீட்டுவா சார். நான் சொல்லுதேன், அவ செய்யுதா. எங்கிட்ட வருசக்கணக்கா அதுதான் நடக்கு.”

“நீ பக்கத்துல நிக்கும்போது நடக்கு.”

“அதைத்தான் சார் இன்னைக்குப் பாக்கப் போறோம். நான் பக்கத்துல இல்லாம.”

கூடத்தின் சுவரில், கோகிலாவின் லேப்டாப்போடு இணைத்திருந்த பெரிய டிவி ஒன்றில் ராயகிரி அறை தெரிந்தது. விதி இன்னும் மாறவில்லை என்பதால் அங்கே ஒரு மருத்துவர் இருந்தாக வேண்டும். வாசுதேவநல்லூரில் கிளினிக் வைத்திருக்கும் லிங்கேஷ் போயிருந்தார். அவருக்குக் கொடுத்திருந்த வேலை, ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து எதையும் செய்யாமல் இருப்பது.

“டாக்டர் வேண்டாம்னு காட்டுததுக்கு ஒரு டாக்டரை அனுப்பி வச்சிருக்காவ,” என்றார் துரைப்பாண்டி. கூடம் சிரித்தது. லிங்கேஷும் டிவிக்குள்ளிருந்து கையை ஆட்டினார். புளியங்குடியில் கிளினிக் வைத்திருக்கிற துரைப்பாண்டிக்குச் சொந்த ஊர் ராயகிரி. அவர் குடும்பத்துக்கு அங்கே தென்னந்தோப்பும் எலுமிச்சைத் தோட்டமும் உண்டு. எந்தக் கூட்டத்திலும் தமாஷ் பேச ஒருவர் வேண்டுமே, இந்தக் கிளைக்கு அவர்.

நோயாளி ஆறுமுகத்தாய். ஐம்பதைத் தாண்டியவர். சர்க்கரை உண்டு, ஈறில் ரத்தக்கசிவு உண்டு, புகையிலையும் உண்டு. பங்குனியில் மேல்பல் வரிசையைச் சுத்தம் செய்து முடித்திருந்தார்கள். கீழ் வரிசைக்கு நாள் குறித்த வாரத்தில்தான் கிளினிக் பூட்டப்பட்டது. இசக்கிசெல்வி முந்தின நாள் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டார்.

“டாக்டரம்மாக்குத்தான் முடியலங்காவளே, நீ யார வச்சுப் பாப்ப?”

“போன்ல பாத்துச் சொல்லுவாவ சித்தி. கீழ்ப்பல்லு பாக்கி கெடக்குல்லா.”

கோகிலா செல்வியிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார். இது கூட்டத்தில் காட்டுவதற்காக, நிறைய டாக்டர்கள் பார்ப்பார்கள், அந்தம்மாவிடம் அதைச் சொல்லிச் சம்மதம் கேட்டுவிடு என்று. செல்வியும் சொல்வதாகத்தான் இருந்தார். ஆனால் காலையில் நாற்காலியில் சாய்ந்ததும் ஆறுமுகத்தாய், எதிரே தாங்கியில் மாட்டியிருந்த டேப்லெட்டைப் பார்த்து, “அந்தப் பக்கம் யாரு இருக்கா?” என்று கேட்டார். கேட்டுக்கொண்டே முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். இத்தனை பேர் என்று சொன்னால் எழுந்து போய்விடுவார் என்று செல்விக்குத் தோன்றியது. அவர் போனால் இன்னொரு ஆளைத் தேட நேரமில்லை.

“டாக்டரம்மாதான்,” என்றார்.

முதல் கால் மணி நேரம் எந்தக் குறையும் இல்லாமல் போனது. டிவி முழுக்க ஒரு வாய். கோகிலா மைக்கைப் பிடித்துக்கொண்டு தணிந்த குரலில் சொல்லச் சொல்ல, திரையில் கை நகர்ந்தது. ஒரு பக்கத்துக் கடைவாய்ப் பற்களில் படிந்து இறுகியிருந்த காரையை மெஷினால் எடுத்தாயிற்று. முன்பற்களுக்குப் பின்னால் ஒட்டியிருந்ததைக் கைக்கருவியால் சுரண்ட வேண்டியிருந்தது.

“கருவியைச் சாய்க்காத செல்வி. பல்லோட ஒட்டிப் பிடி. ஆங், அப்படித்தான்.”

சங்கரசுப்பு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பின் வரிசையில் பேச்சு நின்றிருந்தது. வெளிச்சம் சரியாக விழவில்லை என்று செல்வி இடது கையால் டேப்லெட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார். வாய் சிறியதாகி, முழு முகம் தெரிந்தது.

“இது நம்ம ஆறுமுகத்தாய்லா?” என்றார் துரைப்பாண்டி. தெரிந்த முகத்தைப் பார்த்த சந்தோஷத்தில் குரல் உயர்ந்தது. “ஏ ஆறுமுகத்தாய், தோட்டத்துக்கு வராம இங்கன வந்து சொகமா படுத்துக்கிட்டியாக்கும்?”

கோகிலாவின் கையில் இருந்த மைக் அணைக்கப்படவில்லை.

நாற்காலியில் சாய்ந்திருந்த ஆறுமுகத்தாய் விருட்டென்று எழுந்தார். வாய்க்குள் செல்வியின் கருவி இருந்தது. திரையில் ஒரு கை, ஒரு தோள், பிறகு மின்விசிறி. “சித்தி, சித்தி” என்று செல்வியின் குரல். யாரோ டேப்லெட்டை நிமிர்த்தியபோது அந்தப் பெரிய திரையில் உதடும் மோவாயும் சிவப்பாக இருந்தன. எச்சிலோடு கலந்தால் கொஞ்ச ரத்தமும் அதிகமாகத்தான் தெரியும். அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இருந்தும் நான்கைந்து பேர் எழுந்து நின்றுவிட்டார்கள்.

“கை வழுக்கிட்டு,” என்றார் யாரோ.

கோகிலா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “செல்வி, பஞ்சை வச்சு அழுத்து. விரலை எடுக்காத. லிங்கேஷ், நீங்க லைட்டைப் பிடிச்சு எங்க பட்டிருக்குன்னு பாருங்க.”

கொஞ்ச நேரம் இரண்டு தலைகளின் பின்பக்கம்தான் தெரிந்தது. பிறகு லிங்கேஷ் திரும்பினார். “ஈறுல லேசான கீறல் மேடம். ரத்தம் நின்னுட்டு. தையல்லாம் வேண்டாம்.”

சங்கரசுப்பு எழுந்தார். ஜெயித்துவிட்ட முகம் இல்லை அது.

“போதும்மா. நிறுத்திருவோம். அந்தப் பொண்ணு மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. நல்ல கை. ஆனா நீ பக்கத்துல இருந்திருந்தா அந்தம்மா தோளைப் பிடிச்சு அமுக்கியிருப்ப.”

“பக்கத்துல லிங்கேஷ் இருந்தார் சார். அவராலயும் பிடிக்க முடியல.”

“பின்ன எதுக்கு எந்திரிச்சா? வலி தாங்கலையா?”

கோகிலாவுக்கும் அதுதான் தெரிய வேண்டியிருந்தது. மைக்கை வாயருகே கொண்டுபோனார். திரையில் ஆறுமுகத்தாய் நாற்காலிக்குப் பக்கத்தில், பஞ்சைக் கடித்துக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்தியபடி நின்றுகொண்டிருந்தார். செல்வி உட்காரச் சொல்வதும் அவர் தலையாட்டி மறுப்பதும் தெரிந்தது.

“ஏம்மா எந்திரிச்சீங்க? வலிச்சுட்டா?”

“வலிக்கல டாக்டரம்மா.”

“பின்ன?”

“சின்ன மொதலாளி சத்தம் கேட்டுச்சு. படுத்துக்கெடந்துக்கிட்டா அவுககிட்டப் பேச?”

கூடத்தில் யாரும் துரைப்பாண்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க எல்லோரும் சிரமப்பட்டார்கள்.

துரைப்பாண்டி கெட்ட மனுஷர் இல்லை. தோப்பில் வேலை செய்கிறவர்களுக்குக் காசு வாங்காமல் பல் பிடுங்கியிருக்கிறார். வீட்டு முன்னால் கார் வந்து நின்றால் ஆட்கள் எழுந்து நிற்பதும், பேசும்போது வாய்க்கு முன்னால் கையை வைத்துக்கொள்வதும் அவர் பிறந்ததிலிருந்து பார்த்து வருவது. மழை பெய்வதைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். அது அப்பாவுக்கு வருகிற மரியாதை, தனக்கு இல்லை என்றுகூட நினைத்திருந்தார்.

“நான் சும்மா தமாசுக்கு…” என்று ஆரம்பித்து நிறுத்தினார். எழுந்து கோகிலாவிடம் வந்து மைக்குக்குக் கை நீட்டினார். “ஒரு வார்த்தை சொல்லிருதேன். தப்பா எடுத்துக்காதன்னு.”

திரையில் செல்வி பதறிக் கையை ஆட்டினார். “வேண்டாம் சார். நீங்க பேசாதீய. இப்பவே உக்கார மாட்டேங்காவ. இன்னொரு மட்டம் பேசினியன்னா வெளியவே போயிருவாவ.”

பின் வரிசையில் ஒருவர் சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார். துரைப்பாண்டி நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

செல்வி இப்போது டேப்லெட்டுக்கு நேராக நின்றார். “டாக்டர், இன்னொண்ணு. நீங்க சொல்லச் சொன்னதை நான் சித்திகிட்டச் சொல்லல. நீங்க ஒருத்தர்தான் இருக்கியன்னு சொல்லிட்டேன். சொன்னா உக்கார மாட்டாவன்னு…”

கூட்டத்துக்கு முன்னால் அதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் செல்விக்கு இல்லை. கூட்டம் முடிந்து தனியாகச் சொல்லியிருக்கலாம். ஆறுமுகத்தாய் பஞ்சை வாயிலிருந்து எடுத்தார்.

“ஏட்டி, அப்ப எத்தன பேருட்டி இருக்காவ அங்கன?”

செல்வி கையில் இருந்த கருவியைத் தட்டில் வைத்தார்.

“ஊரக் கூட்டி வச்சா என் வாயத் தொறந்து காமிச்ச? திருவிழாவுக்கு டிக்கெட் போட்டியோ?”

“தப்புதான் சித்தி.”

“புகையில போட்டுக் கறுத்த வாயி. எம் மருமவன் முன்னாலகூடத் தொறந்து சிரிச்சதில்ல நான்.”

கோகிலா லேப்டாப்பிலிருந்து டிவிக்குப் போகும் வயரைப் பிடுங்கினார். சுவரில் திரை நீலமானது. லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, இடுப்புப் பட்டையோடு மெதுவாக எழுந்தார்.

“எங்கம்மா கொண்டு போற?” என்றார் சங்கரசுப்பு.

“வேலை பாதியில நிக்கி சார். முடிச்சிட்டு வாரேன்.”

“நாங்க பாக்காண்டாமா? அதுக்குத்தானே வந்திருக்கோம்?”

“பாக்கலாமான்னு அவங்கதான் சொல்லணும். அதைக் கேக்காமத்தான் இவ்வளவும் ஆச்சு. செல்வி சொல்லலைன்னா நான் கேட்டிருக்கணும். நேரே அந்தம்மாகிட்ட நானே ஒரு வார்த்தை கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும்.”

கூடத்தை ஒட்டி, மெத்தைகளும் உடைந்த மேசைகளும் போட்டுவைக்கும் ஒரு அறை இருந்தது. கோகிலா உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். லேப்டாப்பை ஒரு மேசை மேல் வைத்தார்.

“ஆறுமுகத்தாயம்மா, இப்ப நான் மட்டும்தான் இருக்கேன்.”

“இவளும் அப்படித்தான சொன்னா.”

கோகிலா லேப்டாப்பைத் தூக்கி அறையைச் சுற்றிக் காட்டினார். நான்கு சுவர், அடுக்கிய மெத்தைகள், ஜன்னல்.

“கதவக் காமிங்க.”

காட்டினார்.

“தாப்பா போடலையே?”

போய்த் தாழ்ப்பாளைப் போட்டார்.

“அந்த மெத்தைக்குப் பின்னால?”

கோகிலா முதுகைப் பிடித்துக்கொண்டு ஒரு மெத்தையை நகர்த்திக் காட்டினார். ஒரு பழைய துடைப்பம் இருந்தது.

ஆறுமுகத்தாய் கொஞ்சம் தணிந்தார். ஆனாலும் உட்காரவில்லை. “நாளைக்குத் தோட்டத்துல இதச் சொல்லிச் சிரிப்பாவளே டாக்டரம்மா.”

“துரைப்பாண்டி சிரிக்க மாட்டார். அவர் அப்பவே எந்திரிச்சு வெளிய போயிட்டார்.”

“அய்யய்யோ, என்னாலயா?”

“உங்களால இல்ல. அவர் பேசினதுனால.”

அந்தப் பதிலை அவர் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் பாதி வாயோடு திரும்பிப் போகவும் மனம் இல்லை. ஒரு பக்கம் வழுவழுவென்று இருக்க, மறுபக்கம் நாக்கில் நெருடிக்கொண்டிருந்தது. “இந்தச் சனியனை முடிச்சு விடு,” என்று செல்வியிடம் சொல்லிவிட்டுச் சாய்ந்தார். “கைய ஒழுங்கா வச்சுக்கோ. நானும் அசங்கல.”

கீறல் பட்ட இடத்தை விட்டுவிட்டு மற்றதைச் செய்யச் சொன்னார் கோகிலா. பழைய மாதிரியே தணிந்த குரலில் பேச்சு நடந்தது. நடுவில் கதவு தட்டப்பட்டது.

“கோகிலா, நான்தாம்மா.” சங்கரசுப்புவின் குரல். “நான் ஒருத்தன் மட்டும் வந்து பாக்கலாமான்னு அந்தம்மாகிட்டக் கேளு.”

செல்வி கருவியை வெளியே எடுத்தார். கோகிலா கேட்டார். “பெரிய டாக்டர். எங்க தலைவர். வயசானவர். உங்களுக்குச் சரின்னா வருவார்.”

ஆறுமுகத்தாய் கூரையைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். “நல்ல மனுசராத்தான் இருப்பாரு,” என்றார். “வேண்டாம்மா.”

“வேண்டாங்காங்க சார்.”

வெளியே காலடிகள் நகர்ந்தன.

கோகிலா கூடத்துக்குத் திரும்பியபோது பிரியாணி அண்டா வந்து ஓரத்தில் இருந்தது. யாரும் திறக்கவில்லை. ஓட்டெடுப்பைத் தள்ளிப்போடலாம் என்று சிலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“பாதிதான் பாத்தோம். பாத்த பாதியும் ரத்தத்துல முடிஞ்சுது. எதை வச்சுக் கை தூக்க?” என்று ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். மறுபக்கம் எந்தச் சிக்கலும் இல்லாமல் முடிந்தது என்று கோகிலா சொன்னார். அதற்குத் தன்னைத் தவிர சாட்சி இல்லை என்பதும் அவருக்குத் தெரிந்தது. ராயகிரி நாற்காலியை விலைக்குக் கேட்டிருந்த ஆளுக்கு மறுநாள் போன் செய்ய வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

சங்கரசுப்பு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நாமெல்லாம் காலேஜ்ல எப்படிப் படிச்சோம்? நோயாளியைப் படுக்க வச்சு, சுத்தி நின்னு பத்துப் பேரு எட்டிப் பாத்தோம். யாராவது ஒரு நோயாளி வேண்டாம்னு சொல்லி நான் கேட்டதில்ல. வேண்டாம்னு நெனச்சிருக்க மாட்டாங்கன்னு இல்ல. சொல்ல முடிஞ்சிருக்காது.” கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “அந்தம்மா இன்னைக்கு என்னைய வேண்டாம்னுட்டா. நேர்ல போய் நின்னிருந்தேன்னு வைங்க, எனக்கும் எந்திரிச்சுத்தான் நின்னிருப்பா.”

“அப்ப நீங்க ஆதரவா சார்?” என்றார் ஒருவர், நம்ப முடியாமல்.

“பயம் போகல வே. கீறல் பெருசா இருந்தா என்ன பண்ணுவ? கூப்பிட்ட உடனே வந்து நிக்க ஒரு டாக்டர் பக்கத்து ஊர்லயாவது இருக்கணும். அது ஒரு நிபந்தனை. இன்னொண்ணு, மேற்பார்வை பாக்குத டாக்டர் தனியா இருக்கணும், அவர் இருக்குத எடத்தை நோயாளிக்கு மொதல்ல காட்டணும். நோயாளி சொல்லாம நாலாவது கண்ணு பாக்கக் கூடாது. இந்த ரெண்டையும் சேத்து எழுதுனா நான் கையெழுத்துப் போடுதேன்.”

கோகிலா லிங்கேஷுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். “வாசுதேவநல்லூர்தான மேடம், பைக்ல வந்திருவேன்,” என்றார் அவர். “இன்னைக்குச் சும்மா உக்காந்ததுக்கு அதுவே பரவால்ல.”

கைகள் தூக்கப்பட்டன. எல்லோரும் தூக்கவில்லை, ஆனால் போதுமான அளவு தூக்கினார்கள். எழுத உட்காரும் முன்பு சங்கரசுப்பு, சாப்பாடு பரிமாறுகிறவர்களைப் பார்த்து, “துரை கீழ கார்லதான் இருக்கான். அவனுக்கு ஒரு தட்டு கொண்டு போங்க,” என்றார்.

கோகிலா தட்டை எடுக்காமல் வராந்தாவுக்கு வந்து செல்வியைக் கூப்பிட்டார்.

“பரிந்துரை பண்ணிட்டாங்க செல்வி. கிளினிக்கைத் தூத்துத் தொடச்சு வை.”

“என்னைய வச்சேவா டாக்டர்?”

“உன்னை வச்சுத்தான். ஆனா அந்தப் பக்கம் யாரு இருக்கான்னு நோயாளிகிட்ட இனிமே நீ சொல்ல வேண்டாம். நானே சொல்லுதேன், அவங்க கேட்டுட்டு உனக்குத் தலையாட்டட்டும். அதுக்கு முன்னால நீ கருவியைத் தொடக் கூடாது.”

“சரி டாக்டர்.”

“அந்தம்மா போயிட்டாங்களா?”

“இல்ல. வெளிய பெஞ்சுல இருக்காவ. வீட்டுக்குப் போகணும்னா தோட்டத்து வழியாத்தான் போகணும். மொதலாளி கார் வந்தாலும் வரும், கொஞ்சம் கழிச்சுப் போறேங்காவ.” செல்வி குரலைத் தணித்துக்கொண்டார். “எங்கூடப் பேசவும் மாட்டேங்காவ. இருந்தாலும் நான் கூடப் போறேன் டாக்டர். ஏசிக்கிட்டே வரட்டும்.”